ஐந்து, மூன்று, ஒன்று

ஆண்டு மலருக்குக் கோல்ஃப் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் வகுப்புத் தோழியர் சிரித்துவிட்டார்கள். "நீ கோல்ஃப் மட்டையைத் தொட்டதுண்டா?" என்று ஒருத்தி கேட்டாள். தொட்டதில்லை. தூத்துக்குடியில் கடலோரத் தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் பரந்த வெளி என்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம். கோல்ஃப் மைதானம் என்ற ஒன்றை நான் கண்ணால் கண்டது ஒரே முறைதான். இரண்டாமாண்டில் துறைச் சுற்றுலாவாகக் கொடைக்கானல் போனபோது, பசுமைப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகும் வழியில், பேருந்தின் சன்னல் வழியாகக் கண்டேன். வேலிக்கு அப்பால் பச்சை மேடுகளும் ஒரு சிறு கொடியும் தெரிந்தன. அதற்குள் பேருந்து வளைவில் திரும்பிவிட்டது. ஆகவே இது ஆடத் தெரிந்தவள் எழுதும் கட்டுரை அன்று. கணக்குப் பார்க்கத் தெரிந்தவள் எழுதுவது. பொருளியல் மாணவிக்கு அந்த உரிமையாவது உண்டென்று நம்புகிறேன்.

இந்த ஆர்வம் எனக்கு வந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. கொரோனாவால் பள்ளிகள் அடைபட்டிருந்த காலம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் பதக்கம் வாங்கக்கூடும் என்று சொன்னார்கள். அதுவரை கோல்ஃப் என்றால் என்னவென்றே அறியாத எங்கள் வீட்டில், விடியற்காலையிலேயே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். முதல் மூன்று நாளும் இரண்டாம் இடத்திலேயே நின்றவர் அந்தப் பெண். நான்காம் நாள் முடிவில் அமெரிக்காவின் நெல்லி கோர்டா தங்கம் பெற்றார். அதிதிக்கு ஒரே ஓர் அடியில் வெண்கலம் தவறி, நான்காம் இடம். அவருக்கு மட்டைப் பை தூக்கி உடன் நடந்தவர் அவருடைய தாயார்.

என் அக்கா கேட்டாள்: "ஏட்டி, நாலு நாளு வெயில்ல நடந்திருக்கு அந்தப் பிள்ள. நாலாவதா வந்ததுக்கு ஒண்ணுமே கிடையாதா?"

"கிடையாதுக்கா. பதக்கம் மூணு பேருக்குத்தான்."

மாலையில் நீரஜ் சோப்ரா ஈட்டியெறிந்து தங்கம் வாங்கினார். தெருவே வெடி வெடித்தது. காலையில் நடந்ததை எல்லோரும் மறந்துபோனார்கள், அக்கா மறக்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் நான் கோல்ஃப் செய்திகளைப் படிக்கத் தொடங்கினேன். நம் கல்லூரி நூலகத்துக்கு வரும் ஆங்கில நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட் தின்றது போக மிஞ்சிய அடி மூலையில், பொடி எழுத்தில் அந்த முடிவுகள் இருக்கும். மூன்றாண்டுகளாக அந்த மூலையைப் படித்து வருகிறேன். ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஆடும் தொழில்முறைப் பெண்களுக்கு நான்காம் இடத்துக்கும் நாற்பதாம் இடத்துக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள். பந்தை மட்டையால் அடித்து அடித்து ஒவ்வொரு குழியிலும் இறக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நாட்கள், நாளுக்கு ஒரு சுற்று. மொத்தத்தில் யார் குறைந்த அடியில் முடித்தாரோ அவரே வென்றவர். இன்ன குழிக்கு இத்தனை அடி என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குப் 'பார்' என்று பெயர். எங்கள் கரையில் பார் என்றால் முத்துச் சிப்பி பற்றி வளரும் கடலடித் திட்டு. அந்தச் சொல்லை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கடல்தான் நினைவுக்கு வந்தது. அளவுக்கு ஓர் அடி குறைத்து இறக்கினால் 'பேர்டி'. இரண்டடி குறைத்தால் 'ஈகிள்'.

இனிப் புள்ளிக்கு வருவோம். நம் கல்லூரி விளையாட்டு விழாவில் தனிநபர் சாம்பியன் பட்டம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. நான் முதலாமாண்டில் சேர்ந்தபோது நடந்த விழாவில் ஒரு சலசலப்பு எழுந்தது, சீனியர்களுக்கு நினைவிருக்கும். நூறு மீட்டரிலும் இருநூறு மீட்டரிலும் முதலாவதாக வந்த மாணவிக்குப் பத்துப் புள்ளி. நீளம் தாண்டுதலில் மட்டும் முதலாவதாகவும், வேறு இரண்டு போட்டிகளில் இரண்டாவதாகவும் வந்த மாணவிக்குப் பதினொன்று. கோப்பை பின்னவருக்குப் போயிற்று. "ரெண்டு முதல் பரிசு வாங்கினவள விட்டுட்டு..." என்று பந்தலில் முணுமுணுத்தவர்கள் பலர்.

அமெரிக்காவில் பெண்கள் தொழில்முறை கோல்ஃபை நடத்தும் சங்கம் எல்.பி.ஜி.ஏ. என்பது, 1950இல் பதின்மூன்று பெண்கள் சேர்ந்து தொடங்கியது. அங்கே 1966 முதல் 'ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்' என்றொரு பட்டம் கொடுத்து வருகிறார்கள். அதற்கும் ஆண்டு முழுவதும் புள்ளி சேர்க்க வேண்டும். ஒரு போட்டியில் வென்றால் 30 புள்ளி. இரண்டாமிடத்துக்கு 12. மூன்றாமிடத்துக்கு 9. பிறகு 7, 6, 5, 4, 3, 2 என்று இறங்கிப் பத்தாமிடத்துக்கு 1. மேஜர் என்று சொல்லப்படும் ஐந்து பெரிய போட்டிகளில் எல்லாம் இரட்டிப்பு.

இந்த அட்டவணையை நம் விளையாட்டு விழாவுக்குப் பொருத்திப் பார்த்தேன். இரண்டு முதலிடம் பெற்றவருக்கு 60. ஒரு முதலிடமும் இரண்டு இரண்டாமிடமும் பெற்றவருக்கு 54. கோப்பை கைமாறிவிடுகிறது! ஓடியவர்களும் அவர்களே, ஓடிய ஓட்டமும் அதுவே. அட்டவணை மாறியதும் சாம்பியன் மாறிவிட்டார். விளையாட்டில் பாதி வெற்றியை, விளையாட்டுத் தொடங்குமுன்பே, புள்ளி அட்டவணை எழுதியவர் தீர்மானித்துவிடுகிறார் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். நம் 5, 3, 1 விடாமல் ஓடுகிறவளுக்குச் சாதகமானது. அவர்களுடைய 30, 12, 9 வென்றவளுக்குச் சாதகமானது. எது சரி என்று கேட்டால் நான் நம்முடையதன் பக்கம். ஆனால் அதைச் சொல்லுமுன் இன்னும் கொஞ்சம் கணக்குப் பாக்கியிருக்கிறது.

முதலில் 'கட்' என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான நான்கு நாள் போட்டிகளில் இரண்டு நாள் முடிந்ததும் ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கீழே நிற்கிற ஏறத்தாழப் பாதிப்பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அவர்களுக்குப் பரிசுப் பணமும் இல்லை, புள்ளியும் இல்லை. விமானக் கட்டணம், விடுதி வாடகை, பை தூக்குபவரின் சம்பளம் எல்லாம் கைக்காசு. அண்மை ஆண்டுகளில் சில பெரிய போட்டிகளில் மட்டும் கட் தாண்டாதவர்களுக்கும் ஒரு தொகை கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை; எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். பிடித்த மீனை விற்று, டீசலும் ஐஸும் கழித்து, மிச்சத்தில்தான் பங்கு. மடியில் மீன் விழாத நாளில் பங்கு இல்லை. டீசல் எரிந்தது எரிந்ததுதான். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆக, ஓர் ஆண்டின் வருமானம் என்பது எங்களுக்கு ஒரு நாள் விழுகிற பெரிய வலையில் இல்லை. சின்னச் சின்ன நாட்கள் எத்தனை என்பதில் இருக்கிறது. கோல்ஃப் ஆடும் பெண்ணொருத்தி முப்பதாம் இடத்தில் முடித்து வாங்கும் சில புள்ளிகளைப் பொடி எழுத்தில் பார்க்கும்போதெல்லாம், அப்பா கொண்டுவரும் அந்தச் சுமாரான நாள் பங்கு எனக்கு நினைவுக்கு வரும்.

எல்.பி.ஜி.ஏ.யில் இப்படி ஆண்டு முழுவதும் சேரும் புள்ளிகளுக்கென்றே 2014இல் ஒரு பெரிய போட்டியை ஏற்படுத்தினார்கள். 'ரேஸ் டு த சி.எம்.இ. குளோப்' என்று பெயர். சாதாரணப் போட்டியில் வென்றால் 500 புள்ளி. மேஜரில் வென்றால் அதற்கு மேல், இப்போது 650. கட் தாண்டி முடிக்கிறவர்களுக்கும் அவரவர் இடத்துக்கு ஏற்பப் புள்ளி. ஆண்டு முடிவில் முன்வரிசையில் நிற்பவர்கள் ஃப்ளோரிடாவில் நேப்பிள்ஸ் நகரத்து மைதானத்தில் கூடிக் கடைசிப் போட்டி ஆட வேண்டும். அந்தப் பட்டியலில் எந்த இடத்தில் முடிக்கிறார்களோ, அதை வைத்தே அடுத்த ஆண்டுக்கான ஆட்ட உரிமையும் அமையும். ஆகவே நூறாவது இடத்தை ஒட்டி நிற்கிற பெண்ணுக்குப் புள்ளி என்பது பெருமை அன்று. அடுத்த வருஷத்து வேலை.

முதல் ஐந்தாண்டுகள் புள்ளிக்கு மதிப்பிருந்தது. கடைசிப் போட்டிக்கு வரும்போது, முன்னால் நிற்பவர்களுக்கு முன்தூக்கம் கிடைக்கும்படி புள்ளிகளைத் திருத்தி அமைப்பார்கள். கடைசிப் போட்டியில் சேர்த்ததையும் கூட்டி, முதலாவது வந்தவருக்குப் பத்து லட்சம் டாலர் ஊக்கத்தொகை. 2014இல் நியூசிலாந்தின் லிடியா கோ, பதினேழே வயதில், கடைசிப் போட்டியையும் வென்று அந்தத் தொகையையும் வென்றார்.

சிக்கல் 2017இல் வந்தது. கடைசி நாள், கடைசிக் குழி. அமெரிக்காவின் லெக்ஸி தாம்சன் இரண்டடித் தூரத்திலிருந்து பந்தைத் தட்டி இறக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை கூடத் தட்டிவிடும் தூரம். பந்து விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. தாய்லாந்தின் அரியா ஜுத்தனுகார்ன் போட்டியை வென்றார். ஆனால் ஆண்டுப் புள்ளியில் தாம்சனே முதலிடம். பத்து லட்சம் டாலர் அவருக்குத்தான். ஒரே மேடையில் இரண்டு வெற்றியாளர்கள். மறு ஆண்டு 2018இல் அப்படியே தலைகீழ்: போட்டியை வென்றவர் தாம்சன், புள்ளியை வென்றவர் ஜுத்தனுகார்ன். பார்க்கிறவர்களுக்கு யாருக்குக் கைதட்டுவது என்றே தெரிந்திருக்காது. அதே 2017இல் சிறந்த ஆட்டக்காரர் பட்டத்தில் கொரியாவின் ரியூ சோ யோனும் பார்க் சுங் ஹியுனும் ஆளுக்கு 162 புள்ளி எடுத்துச் சமமாக நின்று, பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பட்டத்தின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

2019இல் முறையை மாற்றினார்கள். ஆண்டு முழுவதும் புள்ளி சேர்த்து முதல் அறுபது இடத்துக்குள் வர வேண்டும். அத்தோடு புள்ளியின் வேலை முடிந்தது. கடைசிப் போட்டியில் அறுபது பேரும் சூன்யத்திலிருந்து தொடங்குவார்கள். நான்கு நாளில் வென்றவருக்கே எல்லாம். முதல் ஆண்டிலேயே கொரியாவின் கிம் சே யங் கடைசிக் குழியில் ஏறத்தாழ 25 அடித் தூரத்திலிருந்து பந்தை இறக்கி, ஓரடியில் வென்றார். அவருக்கு 15 லட்சம் டாலர். ஓரடியில் தோற்ற இங்கிலாந்தின் சார்லி ஹல்லுக்கு 4,80,000 டாலர்.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லி கோர்டா அந்த ஆண்டில் ஏழு போட்டிகள் வென்றார். அவற்றில் ஐந்து, கலந்துகொண்ட அடுத்தடுத்த ஐந்து போட்டிகள். சிறந்த ஆட்டக்காரர் பட்டம் அவருக்கு. சராசரி அடிக் கணக்கில் எல்லாரையும் விடச் சிறந்தவர் என்று ஜப்பானின் ஃபுருவே அயாகாவுக்கு வேர் கோப்பை கிடைத்தது. ஆனால் நேப்பிள்ஸில் தாய்லாந்தின் அத்தயா திட்டிகுல், பதினேழாம் குழியில் ஈகிளும் பதினெட்டாம் குழியில் பேர்டியும் எடுத்து, ஏஞ்சல் யின் என்ற அமெரிக்கப் பெண்ணை ஓரடியில் வென்றார். வென்றவருக்கு 40 லட்சம் டாலர். அன்றைய நம் பணத்தில் ஏறத்தாழ 34 கோடி ரூபாய். இரண்டாவது வந்தவருக்குப் 10 லட்சம் டாலர். ஒரே ஆண்டு, மூன்று அளவுகோல், மூன்று பெண்கள். மூவரில் யார் அந்த ஆண்டின் முதல்வர் என்று நம் பேராசிரியர்களிடம் கேட்டால் மூன்று விடை வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். 2025இல் திட்டிகுல்லே மறுபடி அதே போட்டியை வென்று மறுபடி 40 லட்சம் டாலர் பெற்றார். அந்த ஆண்டில் கோர்டாவுக்கு ஒரு வெற்றியும் இல்லை.

எங்கள் தாத்தா முத்துக்குளிக்கப் போனவர். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில் கடைசி ஆண்டுக்குப் போயிருக்கிறார். அவருக்கு அப்போது இருபது வயது. அதற்குப் பிறகு எங்கள் கடலில் அந்த அளவில் முத்துக்குளிப்பு நடந்ததில்லை. கல்லைக் காலில் கோத்து, மூச்சைப் பிடித்து, பத்துப் பாகம் வரை இறங்கி, கைக்கு அகப்பட்ட சிப்பியைப் பையில் அள்ளிக்கொண்டு, கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்று பங்காகக் குவிப்பார்கள். இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் குவியல் ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலத்தில் போகும். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது ஏலம் எடுத்த வியாபாரிக்கும் தெரியாது. அழுகவிட்டுக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். நிறையச் சிப்பிகளில் ஒன்றும் இராது. தாத்தா தம் பங்கைக் கரையிலேயே விற்றுவிட்டு வீட்டுக்கு அரிசி வாங்கி வருவாராம். "ஏன் தாத்தா, பிளந்து பார்க்க ஆசை வராதா?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "ஆசை வந்தா அடுப்பெரியுமா? சிப்பிக்கு நமக்குக் காசு. முத்துக்கு ஏலக்காரன் அழுவான், இல்ல சிரிப்பான்" என்பார்.

பொருளியல் வகுப்பில் இடர்ப்பாடு என்ற பாடத்தை நடத்தியபோது எனக்கு இதுதான் விளங்கிற்று. மூச்சடக்கி இறங்குகிறவருக்கு எண்ணிக்கைக்குக் கூலி. பணம் வைத்திருப்பவருக்குச் சூதாட்டம். யாரால் இழப்பைத் தாங்க முடியுமோ அவர் தலையில் இழப்பு. பழைய ஏற்பாடுதான், அதில் குறைகளும் உண்டு, குளித்தவருக்கு மூன்றில் ஒரு பங்குதானே என்று கேட்பவர்களை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதன் அடியில் ஒரு நியாயம் இருந்தது. கோல்ஃபில் ஆண்டுப் புள்ளி என்பது சிப்பி எண்ணுவது போல. நேப்பிள்ஸின் கடைசி நாள் என்பது குவியலை ஏலம் எடுப்பது போல. வேறுபாடு இதுதான்: அங்கே ஆண்டெல்லாம் குளித்தவளையே கடைசி நாளில் ஏலக்காரியாக்கிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அவள் வணிகவியல் படித்தவள். ஆறு பருவத்திலும் முதல் வகுப்பு. அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணுக்காக ஒரு நாள் கூட வகுப்புக்கு மட்டம் போடாதவள். படித்து முடித்ததும் அரசு வேலைக்கான ஒரு தேர்வு எழுதினாள். அந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பில் தேறியிருந்தால் போதும். தேர்வுக் கூடத்துக்குள் எல்லாரும் சூன்யம்தான். ஆறு பருவத்து முதல் வகுப்பும் வாசலோடு நின்றுவிடும். மூன்று மணி நேரம், ஒரே நாள். அக்கா மூன்று முறை எழுதினாள். மூன்றாம் முறை கட் ஆஃபுக்குச் சில மதிப்பெண் கீழே. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி மூன்று தாளில் அரியர் வைத்திருந்தவள்; முதல் முறையிலேயே தேறி, இன்று அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். அக்கா துறைமுகச் சாலையில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள்.

இதைப் படித்துவிட்டு, 'பார், ஒரு நாள் தேர்வு அநியாயம்' என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். நானும் அப்படித்தான் ஒரு நாள் வீட்டில் பொரிந்தேன். அக்கா என்னைத் தடுத்தாள். "அவளுக்கு ஏன் அரியர் விழுந்துது தெரியுமாட்டி? அவ அம்மாவுக்கு முடியாம, ரெண்டு பருவம் அவதான் உப்பளத்துக்குப் போனா. பழைய மார்க்கைக் கூட்டினா அவளுக்கு வேலையே கிடையாது" என்றாள். எனக்குப் பேச்சு எழவில்லை. சூன்யத்திலிருந்து தொடங்குவதில் அப்படியொரு கருணை இருக்கிறது. நேப்பிள்ஸிலும் அதேதான். அறுபதாவது இடத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே வந்த பெண், ஆண்டு முழுவதும் முதுகுவலியோடோ பணக்கவலையோடோ ஆடியவளாக இருக்கலாம். அந்த நான்கு நாளில் அவளுக்கும் கோர்டாவுக்கும் ஒரே கோடு. நான்கு நாளும் கட் இல்லை. கடைசியாக முடித்தாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. 2024இல் கடைசி இடத்துக்கே 55,000 டாலர்.

ஆகவே என் வழக்கு கடைசி நாளின் மேல் அன்று, சரிவின் மேல். வாசலுக்குள் வருவதற்குப் புள்ளி. உள்ளே வந்தபின் ஒரே கோடு. இந்த இரண்டும் சேர்ந்திருப்பது எனக்குச் சம்மதம். ஆனால் ஓர் அடி வித்தியாசத்துக்கு ஒருத்திக்கு 40 லட்சம், மற்றவளுக்குப் 10 லட்சம் என்றால், அது ஆட்டத்தின் அளவு அன்று. தொலைக்காட்சியில் பார்ப்பவரின் படபடப்பின் அளவு. காசு கொடுப்பவர் அந்தப் படபடப்புக்குத்தான் கொடுக்கிறார் என்பார்கள். கொடுக்கட்டும். அதில் பத்து லட்சத்தைப் பிரித்து, ஆண்டுப் புள்ளியில் முதலாவது வந்தவளுக்கென்று வைத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? 2018 வரை அப்படியொரு தொகை இருந்ததுதானே! இரண்டு வெற்றியாளர் இருந்தால் மக்களுக்குக் குழப்பம் என்பது எனக்கு ஏற்புடைய காரணமாகத் தெரியவில்லை. நம் விளையாட்டு விழாவில் நூறு மீட்டரில் முதலாவது வந்தவளும் மேடையேறுகிறாள், தனிநபர் சாம்பியனும் மேடையேறுகிறாள். யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

நம் நாட்டுப் பெண்களின் நிலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே இந்தியப் பெண்கள் கோல்ஃப் சங்கம் நடத்தும் 'ஹீரோ' தொழில்முறைச் சுற்றில் ஆண்டு முழுவதும் பல போட்டிகள் நடக்கின்றன. அங்கே கணக்கு வேறு: பரிசுப் பணத்தைக் கூட்டிக்கொண்டே போய், அதிகம் சேர்த்தவருக்கு ஆண்டின் முதலிடம். 2022இல் மைசூரின் பிரணவி அர்ஸ் அப்படி முதலிடம் பெற்று, பிறகு ஐரோப்பியச் சுற்றுக்குப் போனார். ஐரோப்பியச் சுற்றில் ஆண்டுப் போட்டிக்கு 2020இல் 'ரேஸ் டு கோஸ்டா டெல் சோல்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பு, 2016இல், அதிதி அசோக் தம் பதினெட்டாம் வயதில் குர்கானில் இந்திய ஓப்பனை வென்றார். ஐரோப்பியச் சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. அடுத்து கத்தாரிலும் வென்று, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற பட்டத்தையும் பெற்றார். அரியானாவின் தீக்ஷா டாகர் பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர், இடக்கை ஆட்டக்காரர். 2019இல் தென்னாப்பிரிக்க ஓப்பனையும் 2023இல் செக் நாட்டுப் போட்டியையும் வென்றார். இவர்கள் கோப்பையோடு நிற்கும் படம் நாளேட்டில் வரும். கோப்பையில்லாத வாரங்களில் பதினெட்டாவது, இருபத்தேழாவது என்று பொடி எழுத்தில் வரும். பட்டியலில் நிலைத்திருக்க வைப்பது அந்தப் பொடி எழுத்துத்தான்.

ஆண்டுக் கணக்கோடு நில்லாமல், வாழ்நாள் கணக்கும் ஒன்று எல்.பி.ஜி.ஏ.யில் உண்டு. புகழ்மண்டபத்தில் சேர 27 புள்ளி வேண்டும். ஒரு வெற்றிக்கு ஒன்று, மேஜருக்கு இரண்டு, சிறந்த ஆட்டக்காரர் பட்டத்துக்கும் வேர் கோப்பைக்கும் ஒவ்வொன்று, ஒலிம்பிக் தங்கத்துக்கு ஒன்று. பதினேழு வயதில் பத்து லட்சம் வென்றாரே, அந்த லிடியா கோ, 2024 தொடக்கத்தில் 26 புள்ளியில் வந்து நின்றார். ஒன்றே ஒன்று பாக்கி. பல மாதங்கள் அந்த ஒன்று வரவில்லை. ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியபோதுதான் வந்தது. அப்போது அவருக்கு வயதும் 27. இந்தச் செய்தியை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த இருபத்தாறையும் யாரும் அழிக்கலல்லா?" என்று மட்டும் கேட்டாள். அழிக்கவில்லை.

சென்ற பருவத்தில் நம் உடற்கல்வி இயக்குநர் ஐயாவிடம் போய் ஒரு விண்ணப்பம் வைத்தேன். 5, 3, 1 என்பதை 7, 5, 3, 1 என்று மாற்றி, நான்காம் இடத்துக்கும் ஒரு புள்ளி கொடுக்கலாமே என்று. ஐயா கோபப்படவில்லை, யோசித்தார். "குடுக்கலாம்மா. ஆனா மூணு பேர் கோட்டைத் தாண்டினதும் நடுவர்கள் மூணு பேரும் ஆளுக்கொரு பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு மேசைக்குப் போயிடுறாங்க. நாலாவது யாருன்னு குறிக்க யார் இருக்கா?" என்றார்.

இந்த ஆண்டு விழாவில் பெண்களுக்கான எல்லா ஓட்டத்துக்கும் கோட்டருகே நோட்டும் பென்சிலுமாக நான் நின்றேன். வெயில் கொஞ்சம் அதிகம்தான். நானூறு மீட்டரிலும் எண்ணூறு மீட்டரிலும் ஆயிரத்தைந்நூறிலும் நான்காவதாக வந்தவள் ஒரே பெண், வரலாறு முதலாமாண்டு. பெயர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கூப்பிட்டதும், ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று பயந்துகொண்டே வந்தாள்.